இந்திராணி கழுவிக் காயவைத்த டாப்ளர்

இந்திராணி இறந்துபோன செய்தி எனக்குப் பேருந்தில் வந்தது. பொன்னேரியில் மாதக் கூட்டம் முடிந்து பழவேற்காட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். உட்கார இடம் கிடைத்ததே போதும் என்று கண்ணை மூடியிருந்தபோது போன் அடித்தது. அவள் மகள். "ஆன்ட்டி, அம்மா காலைல போயிட்டாங்க" என்றாள். குரலில் அழுகை இல்லை. அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவதும் கூட்டிவருவதுமாகவே கழிந்த வருடங்கள் அவளுக்கு. அழுவதற்கும் தெம்பு வேண்டும். நானும் அழவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய் நின்று, பொன்னேரிக்கே திரும்பும் பேருந்துக்குக் காத்திருந்தேன். அங்கிருந்து அவள் ஊரான ஆரம்பாக்கத்துக்கு ரயில். வேலை பார்த்த காலமெல்லாம் அவள் தினமும் போய்வந்த வழி அதுதான். ஒரு தடவை போவதற்கே எனக்கு இடுப்பு விட்டுப்போனது.

அவளை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களோடு வேலை பார்த்த செவிலியர்களுக்காக, ஏரிக்குள் இருக்கும் ஊர்களில் அவளை 'ஆரம்பாக்கத்து நர்சம்மா' என்று கூப்பிட்ட பெண்களுக்காக. இந்திராணியும் நானும் கிராம சுகாதார செவிலியர்கள். ஏரிக்கரையில் ஒரே கட்டடத்தைப் பகிர்ந்துகொண்டோம். அவளுக்குப் பசியாவரம் பக்கத்துத் தீவு ஊர்கள், எனக்குக் கரையோர ஊர்கள். தடுப்பூசி நாட்களில் ஒருவருக்கொருவர் துணைக்குப் போவோம்.

அவள் இனிக்க இனிக்கப் பேசுகிறவள் அல்ல. இறந்துவிட்டாள் என்பதற்காக அப்படி எழுதினால் அவளைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். படகில் ஏறி உட்கார்ந்ததும் பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிடுவாள். கரை தட்டும்போது தானாக விழிப்பாள். "வீட்ல தூங்க முடியல, இங்கியாவது தூங்கறேன்" என்பாள். அவ்வளவுதான் பேச்சு.

பசியாவரத்தில் மல்லிகா என்று ஒரு பெண். கல்யாணமாகி வந்து முதல் தடவை கர்ப்பமாக இருந்தபோது இந்திராணிதான் பார்த்தாள். அப்போது எங்களிடம் இருந்தது குழல் மட்டும். ஒரு முனையை வயிற்றில் வைத்து மறுமுனையில் காதை வைத்துக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, "நல்லா ஓடுது, ஒண்ணும் பயமில்ல" என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த வாரமே மல்லிகாவுக்கு வலி கண்டது. குழந்தை வயிற்றிலேயே இறந்திருந்தது. கொடி சுற்றிக்கொண்டது, யாராலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது என்றார் டாக்டர். யாரும் இந்திராணியைக் குறை சொல்லவில்லை. துக்கம் கேட்கப் போனபோது மல்லிகா மட்டும், "நல்லா ஓடுதுனு சொன்னீங்களே நர்சம்மா" என்றாளாம்.

இந்திராணி திரும்பி வந்து, சேற்றுக் காலைக் கழுவாமல், எங்கள் கட்டட வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "திட்டியிருந்தா பரவால்ல சுகுணா. அவ திட்டல. கேட்டா" என்றாள். பிறகு, "என் காதுல இன்னா கேட்டுச்சுனு எனக்கு மட்டுந்தானே தெரியும். அவளுக்குத் தெரியாதே" என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் டாப்ளர் கேட்டாள். குழந்தையின் இதயத் துடிப்பை எல்லோரும் கேட்கும்படி ஒலியைப் பெருக்கித் தரும் கையடக்கக் கருவி அது. எழுந்து நின்று கேட்பாள், சரி என்பார்கள், உட்கார்ந்துவிடுவாள். அடுத்த மாதமும் கேட்பாள். சலிப்போடுதான் கேட்பாள், ஆனால் விடமாட்டாள். ஒருவழியாக ஒன்று வந்தது. தீவுப் பெண்கள் முதல் தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டதும், தூரத்தில் இன்ஜின் போட் போவதுபோல இருக்கிறது என்றார்கள். மல்லிகா இரண்டாம் தடவை உண்டாகியிருந்தாள். அவளும் கேட்டாள். இன்னொரு தடவை வைக்கச் சொன்னாள்.

அந்த டாப்ளர்தான் ஏரியில் விழுந்தது. மல்லிகாவுக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. தீவுக்குப் பாலம் கட்டுவது அப்போது வெறும் பேச்சாக இருந்தது. நாங்கள் போன அன்று வாடைக்காற்று பலமாக அடித்தது. படகோட்டி ஏகாம்பரம் கரையை ஒட்டி நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கினோம். இந்திராணியின் கால் சேற்றில் புதைந்தது. அலை படகைத் தள்ள, படகு அவளைத் தள்ள, பக்கவாட்டில் விழுந்தாள். பை அவளுக்கு அடியில் போய்விட்டது.

ஏகாம்பரம் அவளைத் தூக்கி நிறுத்தினார். கரையேறியதும் பையைத் திறந்து டாப்ளரை எடுத்தாள். உள்ளேயிருந்து தண்ணீர் ஒழுகியது. வேலை செய்கிறதா என்று பார்க்க நான் பட்டனுக்குக் கையைக் கொண்டுபோனேன்.

"கை வைக்காத" என்றாள். முதலில் பாட்டரிகளைக் கழற்றித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

காரணம் எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் அவள் போன் இதே ஏரியில் விழுந்தது. பதறிப்போய் உடனே ஆன் செய்து பார்த்தாள். ஒரு தடவை வெளிச்சம் வந்தது, அணைந்தது. வீட்டுக்குப் போய் அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தாள். திரும்ப வரவேயில்லை. அவள் நைனாவின் கடைசிப் படங்கள் அதில்தான் இருந்தன. ரிப்பேர் கடைக்காரர், "தண்ணியோட நிறுத்தியிருந்தா பொழச்சிருக்கும்மா, நீங்க கரண்ட் வுட்டீங்க. அதுவும் உப்புத் தண்ணி" என்றாராம். அதை அவள் மறக்கவில்லை.

மல்லிகாவின் வீட்டு வாசலில் உட்கார்ந்து, ஏகாம்பரத்தின் இன்ஜின் பெட்டியிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் வாங்கி, டாப்ளரின் முதுகைக் கழற்றினாள். பிறகு மல்லிகாவின் மாமியாரிடம் நல்ல தண்ணீர் ஒரு சொம்பு கேட்டாள். குடிதண்ணீரைக் குடம் குடமாகப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிற வீடு அது.

"குடிக்கிற தண்ணிய மிஷினுக்கு ஊத்தப் போறியா? ஏற்கெனவே நனைஞ்சுதானே கெட்டுப்போச்சு" என்றார் அந்த அம்மாள்.

"தண்ணி காஞ்சிடும்மா. உப்பு காயாது. உள்ளியே ஒக்காந்துகினு அரிக்கும். கழுவித்தான் ஆவணும்."

முணுமுணுத்துக்கொண்டே ஒரு சொம்பு தந்தார். இந்திராணி குழந்தைக்கு முகம் கழுவுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கழுவினாள். ஊசி போடும்போது துடைக்க வைத்திருந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து உள்ளே ஒற்றி எடுத்தாள். ஸ்பீக்கரின் மேல் மட்டும் ஸ்பிரிட் படாமல் பார்த்துக்கொண்டாள்.

அதெல்லாம் முடிந்தபின் பையிலிருந்து குழலை எடுத்தாள். மல்லிகா கதவோரம் நின்றிருந்தாள்.

"அது வேணாம் நர்சம்மா. மிஷின் நல்லானதும் வாங்க" என்றாள்.

இந்திராணி வற்புறுத்தவில்லை. "அசைவு இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"கம்மியாச்சுனா போன் பண்ணு." குழலைப் பைக்குள் வைத்துவிட்டாள். திரும்பும்போது படகில் அவள் தூங்கவில்லை.

டாப்ளரை எங்கள் மேசைமேல் காகிதம் விரித்துப் பிரித்து வைத்தாள். வெயிலில் வைக்கக் கூடாது, பிளாஸ்டிக் வளைந்துவிடும் என்றாள். அரிசியின் பேச்சையே எடுக்க விடவில்லை. மின்விசிறி ஓடியது, கரண்ட் இருந்தபோது. தினமும் காலையில் வந்ததும் பஞ்சால் துடைப்பாள், பாட்டரி உட்காரும் கம்பிச் சுருளை அழிரப்பரால் தேய்ப்பாள். நான் ஒவ்வொரு நாளும், "இன்னிக்குப் போட்டுப் பாக்கலாமா?" என்பேன். "உனக்கு அவசரம்" என்பாள். நானோ வேறு யாரோ போட்டுப் பார்த்துவிடக் கூடாதென்று பாட்டரிகளை ஆரம்பாக்கத்துக்கே எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அவளுக்கு மட்டும் அவசரம் இல்லையா? மல்லிகாவின் வீட்டுக்குத் தினமும் போன் செய்து அசைவைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் பாட்டரிகளோடு வந்தாள். மூடினாள், போட்டாள். இரைச்சல் வந்தது. கருவியின் முனையைத் தன் மணிக்கட்டில் வைத்து அழுத்தினாள். இரைச்சலுக்கு நடுவில் அவளுடைய நாடி கேட்டது. எண் காட்டும் திரை பாதி இருட்டாகவே இருந்தது. "சத்தம் போதும்" என்றாள். அன்றைக்கே படகேறினோம்.

மல்லிகாவைப் படுக்கவைத்து முனையை வயிற்றில் வைத்தாள். முதலில் வெறும் இரைச்சல். இடம் மாற்றி மாற்றி வைத்தாள். பிறகு சத்தம் வந்தது. எனக்கே புரிந்தது, அது இன்ஜின் போட்டின் ஓட்டம் இல்லை. இழுத்து இழுத்து வந்தது. தாயின் நாடியைத்தான் கருவி பிடிக்கிறதோ என்று இந்திராணி மறுகையால் மல்லிகாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். அது வேறாக இருந்தது.

"போன தடவ இப்படி இல்லியே" என்றாள் மல்லிகா.

"தண்ணியில வுழுந்த மிஷின்தானே. அது எப்படிச் சரியாச் சொல்லும்?" என்றார் மாமியார். மல்லிகாவின் கணவன் கடலில் இருந்தான். சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. வெளியே காற்று வேறு. அந்த அம்மாள் கேட்டதில் தப்பில்லை.

இந்திராணி முனையை அந்த அம்மாளின் மணிக்கட்டில் வைத்தாள். சீரான நாடி கேட்டது. மறுபடி மல்லிகாவின் வயிற்றில் வைத்தாள். அதே இழுப்பு.

"மிஷின் நூத்துக்கு நூறு சரியா இருக்குனு நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றாள். "குழந்தைக்கு இன்னா ஆவுதுனும் எனக்குத் தெரியல. எனக்குத் திருப்தியா இல்ல. அதத்தான் சொல்ல முடியும்."

மல்லிகா ஒரு கையை ஊன்றி எழுந்தாள். "நான் போறேன் அத்தை. என் காதாலயே கேட்டேன்" என்றாள்.

அவளை இடப்பக்கமாகச் சாய்த்துப் படகில் படுக்க வைத்தோம். அலை தெறிக்காமல் இருக்க இந்திராணி தன் புடவையால் அவளை மறைத்துக்கொண்டு குந்தியிருந்தாள். நான் போனில் கூப்பிட்டிருந்த ஆம்புலன்ஸ் இந்தக் கரையில் நின்றது. பொன்னேரிக்குப் போனதும் உடனே அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். இந்திராணி சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். குழந்தை பிறந்ததும், சற்றுத் தாமதமாக அழுததும் நான் கேட்டேன். பெண் குழந்தை, எடை குறைவு. இந்திராணியை எழுப்பினேன்.

"உசுரோட இருக்கா?"

"இருக்கு."

"தாய்?"

"நல்லா இருக்கா."

தலையை ஆட்டிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

டாப்ளர் அதற்குப் பிறகு வெகுநாள் தாங்கவில்லை. கம்பிச் சுருளில் பச்சை பூத்தது. திரை போனது, பிறகு சத்தமும் போனது. திரும்பக் கழற்றித் துடைத்துப் பார்த்தாள். "எங்கியோ உள்ள உப்பு நின்னிருக்கு. நாம கழுவினது பத்தல" என்றாள். நான் ஏதோ ஆறுதலாகச் சொல்லப் போனேன். "வுடு. திரும்ப மீட்டிங்ல எழுந்து நிக்கணும். அத நெனச்சாத்தான் கால் வலிக்குது" என்றாள். புதியது வரும்வரை குழலை வைத்தே வேலை பார்த்தாள். கேட்டு முடித்தபின் அவள் பெண்களிடம் சொல்வது மட்டும் மாறிப்போனது: "இப்போ எனக்குக் கேட்டது இதுதான். நாளைக்கு எப்படியோ எனக்குத் தெரியாது. அசைவு கம்மியானா கூப்பிடு." தைரியம் சொல்லத் தெரியாத நர்ஸ் என்று சிலர் குறைபட்டார்கள். அவள் மாற்றிக்கொள்ளவில்லை.

மல்லிகா அதன் பிறகு அவளோடு ஒட்டி உறவாடினாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. வழியில் பார்த்தால் தலையாட்டுவாள், நகர்ந்துவிடுவாள். எனக்கு அது உறுத்தியது. ஒரு தடவை சொல்லிக் குறைபட்டேன். "என்னைப் பாத்தா அவளுக்கு மொதக் குழந்தைதான் ஞாபகம் வரும். எதுக்கு அவளத் தொந்தரவு பண்றது?" என்றாள் இந்திராணி. படகுத்துறையில் மல்லிகாவின் மகள் பள்ளிச் சீருடையில் எங்களைத் தாண்டிப் போனபோதுகூட அவள் கூப்பிட்டுப் பேசவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

சிறுநீரகம் கெட்டு, வேலையை விட்டு, இந்திராணி ஆரம்பாக்கத்தில் முடங்கியபின் மாதம் ஒரு தடவையாவது போய்ப் பார்ப்பேன். கடைசியாகப் பார்த்தது ஆஸ்பத்திரியில். வந்தவர்கள் எல்லோரும், தேறிவிட்டாய், முகத்தில் களை வந்துவிட்டது என்று சொல்லிப் போய்க்கொண்டிருந்தார்கள். கூட்டம் கலைந்தபின் என்னைப் பார்த்து, "நீ சொல்லு. எப்படி இருக்கேன்?" என்றாள். அவள் கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்தேன். மூச்சைக் கவனித்தேன். நாங்கள் இருவரும் ஒரே வேலை பார்த்தவர்கள்.

"நல்லா இல்ல இந்திரா" என்றேன்.

"ம்" என்றாள். கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, மகளை வீட்டுக்கு அனுப்பித் தூங்கச் சொல்லும்படி கேட்டுக்கொண்டாள்.

அடக்கம் முடிந்த மறுநாளே நான் வேலைக்கு வந்துவிட்டேன். லீவு போட்டால் வேலை அடுத்த நாளில் ஏறும், வேறென்ன. கரையோர ஊர் ஒன்றில், முதல் பிரசவத்துக்குக் காத்திருக்கும் ஒரு பெண், நான் கருவியை வைத்த உடனேயே, "நல்லா இருக்குல்ல அக்கா?" என்று கேட்டாள். 'நல்லா இருக்கு, பயமில்ல' என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. எத்தனையோ ஆயிரம் தடவை சொன்ன சொல், களைப்பில் தானாக வருகிறது. இந்திராணியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, அந்தச் சொல்லை வாயிலேயே நிறுத்திக்கொள்வது.

"இரு, கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன். அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். இருவரும் கேட்கத் தொடங்கினோம்.