ஈரல் கிண்ணம்

கல்லூரியில் நான் நடத்துகிற பாடம் உயிர்வேதியியல். டி.என்.ஏ.வும் ஆர்.என்.ஏ.வும் எந்தெந்த மூலக்கூறுகளால் ஆனவை என்று வருஷாவருஷம் கரும்பலகையில் எழுதுகிறேன். அவற்றில் அடினின், குவானின் என்ற இரண்டும் உடம்பில் சிதைந்தால் யூரிக் அமிலமாகும். சிறுநீரகம் அதை வெளியே தள்ளாவிட்டால் மூட்டில் போய்ப் படியும். பிள்ளைகள் பரீட்சையில் பிழையில்லாமல் எழுதிவிடுகிறார்கள். என் வீட்டில்தான் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை.

வாப்பாவுக்குக் கால் பெருவிரல் வீங்கி, போர்வை பட்டாலே கத்துகிற நிலை. டாக்டர் தெளிவாகச் சொன்னார்: "ஈரல், நெத்திலி எல்லாம் வாயிலேயே வைக்கக்கூடாது. சிறுநீரகம் ஏற்கெனவே பாதி போயிட்டு. இன்னும் கெட்டா டயாலிசிஸ்தான்."

ஆனால் எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வந்தால் மரியாதையா? வாப்பாவின் தங்கை, என் மாமி, வண்ணார்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்தாள். அண்ணனை அவள் காக்கா என்றுதான் கூப்பிடுவாள். கையில் ஒரு கிண்ணம் நிறைய மிளகு போட்டு வறுத்த ஆட்டீரல்.

"காக்கா, வெறுங்கஞ்சி குடிச்சா காலு எப்படி ஊனும்? இதத் தின்னுங்க, ரத்தம் ஊறும்."

தங்கை முகம் வாடக்கூடாதென்று வாப்பா கிண்ணத்தை வழித்துத் தின்றார்.

நான் பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். "மாமி, ஈரல்ல உயிரணு ரொம்ப நெருக்கமா இருக்கும். அதுல உள்ள டி.என்.ஏ.தான் உடம்புக்குள்ள போயி..."

"அந்தப் பாடத்தப் பிள்ளையளுக்கு நடத்துளா. பெத்த வாப்பாவப் பட்டினி போட்டுக்கிட்டு, பேச்சப் பாரு!"

மறுநாள் காலை வாப்பா வலியில் அலறினார். அதற்கும் மாமி போனில் காரணம் வைத்திருந்தாள். ஒரு கிண்ணம் பத்தவில்லையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படிக்காதவள் என்றால் மன்னித்திருப்பேன். அவள் அந்தக் காலத்து பி.எஸ்ஸி. விலங்கியல். பாசம் என்று பெயர் வைத்துவிட்டால் இங்கே விஷத்தையும் ஊட்டலாம் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த நேரம் மறுபடி வந்து நின்றாள், முன்னதைவிடப் பெரிய கிண்ணத்தோடு. திருப்பி அனுப்பினால் உறவு போகும். உள்ளே விட்டால் வாப்பாவின் சிறுநீரகம் போகும். வாசலிலேயே வாங்கி, அங்கேயே நின்று, அவள் கண்முன்னால் ஒவ்வொரு துண்டாக நானே தின்றேன். ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீர் கொட்டியது. பாவி, என்ன ருசி! அதுவேறு என் கோபத்தைக் கூட்டியது.

காலிக் கிண்ணத்தை அவள் கையில் கொடுக்கும்போது உள்ளே கட்டிலிலிருந்து வாப்பா குரல் கொடுத்தார்.

"ஏளா, ஈரல் வாசம் வருதே. எனக்கு ரெண்டு துண்டு வச்சிருக்கியா?"