களையான முகம்

நிகோபாரின் கட்சால் தீவில் கடல் ஊருக்குள் வந்த காலையில் அம்மா போனாள். உடல் கிடைக்கவில்லை. வீட்டோடு போட்டோ ஆல்பமும் போயிற்று. எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவும் நானும் போர்ட் பிளேருக்கு வந்து, பத்துபஸ்தியில் அத்தை வீட்டில் தங்கினோம். முதல் வருடத் திவசம் நெருங்கியபோது மாலை போட ஒரு படம் இல்லை. எந்த விண்ணப்பத்துக்கோ எடுத்த ஜெராக்ஸ் ஒன்று அத்தையின் பெட்டியில் அகப்பட்டது. அதில் வகிடு தெரிந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் மை அப்பியிருந்தது.

பஸ்களுக்கும் படகுகளுக்கும் பெயர் எழுதும் வங்காளி ஒருவர் பக்கத்துத் தெருவில் இருந்தார். எல்லோரும் அவரை வங்காளி முறையில் தாதா, அதாவது அண்ணன், என்பார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. அப்பாவின் இந்தி, ரப்பர் தோட்டத்தில் எதற்கும் ஆமாம் என்று சூப்பர்வைசருக்குச் சொன்ன "ஹாஞ்சி"யோடு முடிந்துவிடும். நான் இந்தியிலேயே சண்டை போட்டு வளர்ந்தவள். அத்தை வேலைக்குப் போயிருந்ததால் மொழிபெயர்க்க நான் போனேன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

"மூக்குத்தி வலது பக்கம். பத்து வருசம் குடும்பம் நடத்துன ஒங்கப்பனுக்கு அது தெரியாது. நீ சொல்லு," என்று அத்தை சொல்லி அனுப்பியிருந்தாள். நெற்றி, புருவம், காது என்று அவள் ஒப்பித்த எல்லாவற்றையும் நான் இந்தியில் ஒப்பித்தேன். பஸ்ஸுக்குப் பெயர் எழுதுவது சுலபம், அதற்கு நாத்தனார் கிடையாது என்றார் தாதா. அப்பாவுக்கு அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

பிறகு அவர் பென்சிலைக் கீழே வைத்தார். மூக்கும் காதும் யாருக்கும் உண்டு, உன் அம்மாவைப் பார்த்ததும் என்ன தோன்றும் என்று அப்பாவிடம் கேள் என்றார். கேட்டேன். விமானம் ஒன்று தாழப் பறந்து இறங்கியது. சத்தம் அடங்கிய பிறகு அப்பா சொன்னார்:

"களையான முகம்னு சொல்லு புள்ள."

எனக்குத் தெரிந்த களை ஒன்றுதான். விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகும் அம்மா, மதியம் வந்து வாளியை இறக்கி வைத்துவிட்டு, "களைச்சுப் போச்சு," என்பாள். தாதாவிடம் "தக்கா ஹுவா சேஹ்ரா" என்றேன். களைத்துப்போன முகம்.

தாதா அப்பாவை ஒருமுறை பார்த்தார். "பக்கா?" என்றார்.

"ஹாஞ்சி," என்றார் அப்பா.

ஒரு வாரம் கழித்துப் போனோம். பிளைவுட் பலகையில், பஸ்ஸுக்கு அடிக்கும் அதே பெயின்ட். உப்புக்காற்றுக்கு உரியாது என்றார் தாதா. மூக்கு சரியாக வரவில்லை. நெற்றி அகலமாக இருந்தது. ஆனால் கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்திருந்தது. இமைகள் முழுதாகத் திறக்கவில்லை. வேலை முடிந்து உட்கார்ந்த ஒருத்தி, யாரோ கூப்பிட்டதற்காக நிமிர்ந்ததுபோல் இருந்தது.

களை என்றால் பொலிவு என்றும் பொருள் என்பதைப் பத்தாம் வகுப்பில்தான் தெரிந்துகொண்டேன். அப்பாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. நான் இப்போது வேலை பார்க்கும் பத்திரிகையில் தவறான மொழிபெயர்ப்புக்கு மறுநாளே திருத்தம் போட்டுவிடுவோம். இதற்குப் போடத் தோன்றவில்லை. இருபது வருடமாகப் படம் நிறம் மங்காமல் இருக்கிறது. அம்மா என்றதும் எனக்கு அந்த மூக்கும் அந்த நெற்றியும்தான் நினைவுக்கு வருகின்றன. உண்மையான மூக்கு எப்படி இருந்தது என்று மறந்துவிட்டது.

அன்று அப்பா பலகையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் சொன்னதத்தான் சொன்னியா?"

"அதேதான்ப்பா."

முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கித் தரட்டுமா என்று தாதா கேட்டார். அதையும் சொன்னேன். அப்பா கண்ணுக்குக் கீழிருந்த நிழலைத் தூசியைத் துடைப்பதுபோல் கட்டைவிரலால் தடவினார். பெயின்ட் காய்ந்திருந்தது.

"அவளக் கொஞ்சம் தூங்க விட்டிருக்கலாம்," என்றார்.

கண்ணை மூடியபடி வரைந்திருக்கலாம் என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். "தாதாகிட்டச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

வேண்டாம் என்று தலையசைத்தார்.