தண்ணீர் இல்லாத ஆற்றில் ஒரு பாடம்

ஆசிரியர் பரிமாற்றத் திட்டத்தில் சக ஆசிரியைகளுக்கு ஜப்பானும் பின்லாந்தும் கிடைக்க, எனக்கு மட்டும் காஞ்சிபுரத்துப் பக்கம் உத்திரமேரூர் என்று வந்தது. "பரவாயில்லை, புடவையாவது வாங்கலாம்" என்று ஆறுதல் சொன்னார்கள். நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் நான்காம் ஆண்டுக்குப் பாடம் எடுக்கிறேன். வகுப்பில் வாய் ஓயாதவள் என்று பெயர் எடுத்திருக்கிறேன். போன ஜூலையில் இரண்டு வாரம் அங்கே தங்கிப் பாடம் நடத்திவிட்டு வந்தேன். அடுத்து விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறுதல் சொன்னவர்களும் படிக்கலாம்.

கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு விமானத்தில் நாலு மணி நேரம். விமான நிலையத்திலிருந்து உத்திரமேரூர் எண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வாடகைக் காருக்கு 2,400 ரூபாய் கொடுத்தேன். செங்கல்பட்டு வரை மின்சார ரயில், அங்கிருந்து பஸ் என்று வந்தால் நூறு ரூபாய்க்குள் முடித்துவிடலாம். என்னைப் போல இரண்டு பெரிய பெட்டிகளோடு வருகிறவர்கள் அந்த வீரத்தைக் காட்ட வேண்டாம்.

எனக்கு இணையாக அமைந்த ஆசிரியை நஸ்ரீன். கடைத்தெருவில் அவர் கணவர் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். கடைக்கு மேல் மாடியில் எனக்கு ஓர் அறை. காலையில் படியிறங்கினால் போதும், "நாஷ்டா ஆச்சா?" என்று கடையில் நிற்கிற வாடிக்கையாளர்கள் உட்பட எல்லோரும் கேட்பார்கள். ஆச்சு என்றாலும் விடமாட்டார்கள். இரண்டு வாரத்தில் மூன்று கிலோ கூடினேன். புடவை வாங்கியதில் வருத்தமில்லை, பிளவுஸ்தான் பத்தவில்லை.

பள்ளி மானாம்பதிப் பக்கம். பிள்ளைகள் பெரும்பாலும் விவசாயக் குடும்பத்தினர். முதல் நாளே என்னைச் சூழ்ந்துகொண்டு, எங்கள் ஊரில் புலி உண்டா, நான் ஏன் செய்தி வாசிக்கிற மாதிரி பேசுகிறேன் என்று விசாரித்தார்கள். நஸ்ரீன் வகுப்பில் அதிகம் பேசமாட்டார். ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். இப்படியும் பாடம் நடத்த முடியுமா என்று எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தேகம்.

திட்டத்தில் ஒரு நிபந்தனை உண்டு. வந்தவரும் உள்ளூர் ஆசிரியரும் சேர்ந்து இரண்டு பள்ளிப் பிள்ளைகளுக்கும் நேரலையில் ஒரு பாடம் நடத்த வேண்டும். கோலாலம்பூரிலிருந்து இரண்டு பேர் கொண்ட குழு அதைப் பார்க்கும். பாடம் தேறினால்தான் உள்ளூர் ஆசிரியருக்கு மலேசியா வர இடம் கிடைக்கும். பதினாலு வருடமாகப் பிள்ளைகளுக்குக் கடலும் கண்டமும் சொல்லித் தருகிற நஸ்ரீன் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை.

"எங்க வூட்டுக்காரரு கடைக்கு வர்றவங்க கிட்டல்லாம் நான் மலேசியா போறேன்னு சொல்லி வெச்சிக்கினு கீறாரு டீச்சர்" என்றார் ஒரு நாள். "நடக்கலன்னா பெரிய பேஜாரு. அத விடுங்க. எனக்கே போவணும்னு ஆச வந்துடிச்சி."

அதைக் கேட்ட பிறகு எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

பாடத்துக்கு நாங்கள் தேர்ந்தெடுத்த இடம் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேருமிடம். ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டோம். என் பாதிக்கு நான் கேள்விகளை அட்டையில் எழுதி, லேமினேட் செய்தே வைத்திருந்தேன். எந்த ஆறு வேகமாக ஓடுகிறது? எதில் இலை முதலில் மிதந்து வரும்? தண்ணீரின் நிறம் எங்கே மாறுகிறது?

வேன் வாடகை காலை நேரத்துக்கு 1,800 ரூபாய். தலைமையாசிரியை அனுமதியோடு இருபது பிள்ளைகள். முக்கால் மணி நேரத்தில் போய் இறங்கினோம். இந்தப் பக்கம் கோயில், அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் மணல். கொஞ்ச தூரம் நடந்ததும் கேட்டேன்.

"நஸ்ரீன், ஆறு எங்கே?"

"ஆத்துலதான நின்னுக்கினு கீறீங்க."

வேன் ஓட்டி வந்த முருகேசன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இன்னா மேடம், ஐப்பசி கார்த்திகைல வந்தா தண்ணி பாக்கலாம். ஆடி மாசத்துல வந்துட்டு கேட்டா?"

ஆறு என்றால் தண்ணீர் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, அது தானாகவே அப்படித்தான். நஸ்ரீனுக்கோ ஆறு என்றால் மணல். மழைக்காலத்தில் தண்ணீர் வந்து போகும். நான் வருமுன் இரண்டு பேரும் மாதக்கணக்கில் போனில் பேசியும் இதைக் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. லேமினேட் அட்டைகளைப் பைக்குள் திணித்தேன். என் புத்திசாலித்தனத்தால் நஸ்ரீனின் பயணம் போகப் போகிறதே என்று அழுகையே வந்தது.

அங்கே காலை ஒன்பதரை, எங்கள் ஊரில் நண்பகல் பன்னிரண்டு. போன் திரையில் என் பிள்ளைகளும், ஒரு மூலையில் குழுவினரும் வந்தார்கள். "டீச்சர், கடற்கரையா இது?" என்றாள் ஒருத்தி. "தண்ணிய யாரு எடுத்தா?" என்றான் இன்னொருவன். நான் பைக்குள் அட்டைகளைத் துழாவினேன். நஸ்ரீன் என் கையிலிருந்து போனை வாங்கி முருகேசனிடம் பிடிக்கக் கொடுத்தார். தம் பிள்ளைகளைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மலேசியாப் பசங்க ஆறு எங்கன்னு கேக்குறாங்க. காட்டுங்க."

சொன்னதுதான் தாமதம், அத்தனை பேரும் மண்டி போட்டு மணலைத் தோண்டத் தொடங்கினார்கள். முழங்கை ஆழத்தில் மணல் கறுத்தது. இன்னும் கொஞ்சம் போனதும் அடியில் தண்ணீர் கசிந்து ஊறியது. இதற்கு ஊத்து என்று பெயர். தேவி என்ற பெண் தேங்காய்த் தொட்டியில் கலங்கல் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றினாள். அப்புறம் ஊறியது கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. திரைக்குள் நாற்காலிகள் சாய்கிற சத்தம். என் வகுப்பு முழுக்க எழுந்து திரையருகே வந்துவிட்டது.

"ஆறு கீழ பட்துக்கினு கீது. நாங்க கூப்ட்டா வரும்" என்றாள் தேவி.

"எங்க ஆறு கூப்புடாமலே வரும்" என்றான் திரையிலிருந்து ஒருவன். "மழ வந்தா கிளாசுக்குள்ளயே வந்துரும். மேச மேல ஏறி நிப்போம்."

இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் இருபுறமும் கேள்வி மேல் கேள்வி. வெள்ளத்தில் புத்தகம் என்ன ஆகும், ஊற்றில் மீன் வருமா, வற்றினால் என்ன செய்வீர்கள். நஸ்ரீன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நானும் அவர் பக்கத்தில் அப்படியே நின்றேன். இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வகுப்பிலும் சும்மா இருந்ததில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். எந்த வகை விசா என்பதைத் திட்ட அலுவலகத்திடம் முன்பே கேட்டுவிடுங்கள். ஆற்றங்கரையில் ஒரு நிறுவனத்தின் சிக்னல் வந்தால் இன்னொன்று வராது, இரண்டு சிம் வையுங்கள். வெயிலுக்கு முன் வேலையை முடித்துக்கொள்ளுங்கள். மணலில் நடக்கச் செருப்பே போதும், ஷூ வேண்டாம். பாடத்திட்டத்தை அனுப்புவதோடு நிற்காமல் இடத்தின் புகைப்படம் ஒன்று கேட்டு வாங்குங்கள். என்னைக் கேட்டால், வாங்காமல் போனாலும் நல்லதே நடக்கலாம்.

நான் ஊர் திரும்பி மூன்று வாரம் கழித்துக் குழுவின் அறிக்கை வந்தது. "வருகை ஆசிரியர் மிகக் குறைவாகப் பேசியது பாராட்டுக்குரியது" என்று ஒரு வரி. என் கணவர் அதை இரண்டு தடவை உரக்கப் படித்தார். அடுத்த வரியில், மலேசியா வரத் தேர்வானவர் என்று நஸ்ரீனின் பெயர் இருந்தது.

அன்று மாலையே நஸ்ரீன் கூப்பிட்டார்.

"பாஸ்போர்ட்டுக்கு போட்டோ எடுக்கப் போனேன் டீச்சர். சிரிக்கக் கூடாதாம்."

"சரி, எடுத்தாச்சா?"

"நாலு தபா எடுத்தாரு. முடியல. நாளைக்கு வாங்கம்மான்னு அனுப்பிட்டாரு."