மாஸ்டர் கோயில் மாத்தின கதை

கார் பார்ட்ஸ் கவுண்டர்ல நிக்கிறவங்களே, உங்களுக்குச் சொல்லணுமா, காருக்கு என்ன கோளாறுன்னு கண்டுபிடிக்கிறதுகூட லேசு, வந்தவரு என்ன சொல்றாருன்னு கண்டுபிடிக்கிறதுக்குள்ள நம்ம தாவு தீர்ந்துரும். மலேசியாவுல, மலாக்கா பக்கம் மஸ்ஜித் தானாவுல கடை போட்டிருக்கிற பொம்பள நானும் உங்கள மாதிரிதான் மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்.

பரம்பரைக் கோயில்

இக்னிஷன் காயில்ங்கிற பேர நம்ம பக்கம் யாரு ஒழுங்கா சொல்றா? மலாய்க்காரரு, சீனரு, நம்மாளு, எல்லாருக்கும் அது 'கோயில்'தான். பிளக்கு தலையில உக்காந்து பொறி குடுக்கிற சாமான். நாலுல ஒண்ணு செத்தாலும் எஞ்சின் நொண்டும், கார் குலுங்கும்.

ஒரு மத்தியானம் மரியதாஸ் மாஸ்டர் கொதிச்சுப்போய் கடைக்குள்ள வந்தாரு. எங்க ஊர்லயே இருக்கிற ரிட்டயரான வாத்தியாரு, யாழ்ப்பாணத்து வழி, மாதா கோயில்காரரு. பக்கத்து வர்க்ஷாப் சேகர் அவருகிட்ட, "மாஸ்டர், ஒங்க கோயில் சரியில்ல. இன்னிக்கே மாத்திருங்கலா"ன்னு சொல்லியிருக்கான். அவன் நெத்தியில பட்டை வேற. மதம் மாத்தப் பாக்கிறான்னு மாஸ்டர் முடிவே கட்டிட்டாரு. நான் சிரிப்ப அடக்க உதட்டைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறேன், அவரு கைய ஓங்கிச் சொல்றாரு:

"பாட்டன் காலத்திலயிருந்து எங்களுக்கு ஒரே கோயில், பிள்ளை. கார் குலுங்குது எண்டு அதை மாத்த ஏலாது!"

நோய் இடம் மாறின அதிசயம்

காயில எடுத்துக் காட்டினதும் அவரே சிரிச்சுட்டாரு. ஆனா அந்தச் சிரிப்பு ரொம்ப நேரம் நிலைக்கல. காருக்குள்ள அவரு சம்சாரம் பிலோமினா அக்கா உக்காந்திருந்தாங்க. மறுநாள் காலையில மலாக்காவுல அவங்களுக்கு டயாலிசிஸ். முன்ன ஒரு தடவை தவறினதுக்கே மூச்சு முட்டி வார்டுல படுத்தவங்க. அன்னிக்குக் காலையில, மலாக்கா போற வழியில இருக்கிற சுங்கை ஊடாங் ஏத்தத்துல கார் இழுக்காம, பின்னாடி லோரி ஹோன் அடிச்சு உயிரை வாங்கியிருக்கு. இந்தக் காரு நாளைக்கு ஓடியே ஆகணும்.

எது செத்ததுன்னு உறுதி பண்ண, சேகர் மூணாவது சிலிண்டர் காயில கழட்டி முதலாவதுல மாட்டினான், முதலாவத மூணாவதுல. ஸ்டார்ட் பண்ணினா, அதுவரைக்கும் நொண்டின மூணாவது கும்முனு ஓடுது, முதலாவது நொண்டுது! நோயி காயில் கூடவே இடம் மாறிருச்சு. எத்தனையோ தடவை பாத்திருக்கேன், அப்பவும் எனக்குப் புல்லரிக்கும். அக்கா ஜன்னல் வழியா எட்டிப் பாத்து எங்கிட்ட சொன்னாங்க:

"இப்பிடி என்னையும் ஒருக்கா கழட்டி மாத்திப் பாக்கலாமெண்டால் எவ்வளவு நல்லம், தங்கச்சி."

கடைசி எழுத்து

அந்தக் காருக்கு ரெண்டு வகை காயில் உண்டு. பாத்தா இரட்டைப் பிள்ளைங்க. நம்பர்ல கடைசி எழுத்துதான் வேற. மாத்திக் குடுத்தா அழகா உக்காரும், ஒழுங்கா வேலை செய்யாது. "எல்லாம் ஒண்ணுதான்க்கா, சட்டுனு குடுங்க"ன்னான் சேகர். எனக்கு வந்துச்சே கோவம்! "நாளைக்கு ஏத்தத்துல நின்னா நீ தோள்ல தூக்கிட்டுப் போவியாடா?"ன்னு கேட்டேன். மலிவு டூப்ளிகேட்ட ஒதுக்கினேன். பழைய காருல கழட்டினதையும் ஒதுக்கினேன். அலமாரிய கவுத்துப் போட்டுத் தேடினதுல, அடியில ஒரே ஒரு ஒரிஜினல், எழுத்துக்கு எழுத்து சரி.

மாட்டினதும் எஞ்சின் சத்தமே மாறிப்போச்சு. பேட்டரியில இருக்கிறது பன்னெண்டு வோல்ட்தாங்க. அத இந்தக் கையகலச் சாமான் ஆயிரக்கணக்குல ஏத்தி, பொறியாக்கி, ஒரு குடும்பத்தையே இழுத்துட்டுப் போகுது. அம்மாடியோவ்! ஆனா மாஸ்டர் முகத்துல சந்தோஷம் இல்ல. பழைய காயில் நம்பரையே தடவிக்கிட்டு நின்னாரு.

"என்ட கிட்னியைக் குடுப்பமெண்டு போய் டெஸ்ட் செய்தனான், பிள்ளை. கலியாணம் கட்டின நாளிலயிருந்து எல்லாத்திலயும் பொருந்தினம். அதில மட்டும் பொருந்தேல்லை."

மறுநாள் காலை

கடைய திறந்தேனே தவிர மனசு கடையில இல்ல. வந்தவங்க கேட்டது ஒண்ணு, நான் எடுத்துக் குடுத்தது ஒண்ணு. டயாலிசிஸ் மிஷின் சத்தம் பின்னால கேட்க, அக்காகிட்டேருந்து வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. அதக் கேட்டு கவுண்டர்லயே அழுதுட்டேன், சொல்றதுல வெக்கம் என்ன?

"ஏத்தத்தில லொறியையும் முந்திக்கொண்டு வந்திட்டம், தங்கச்சி. கிட்னி பொருந்தாட்டி என்ன, அதின்ட வேலையை இவர் கார் ஓட்டிச் செய்யிறார்தானே!"

நம்பர் பொருந்தினாத்தான் ஓடும்னு வர்றவங்க எல்லாருக்கும் பாடம் எடுக்கிற என் கடையில, பொருந்தாமலே இப்படி ஓடுற சாமான் மட்டும் ஸ்டாக் இல்லீங்க.