இடைநின்றவர் பட்டியலில் என் பெயர்

“பஸ்ஸ விட்டு எறங்கி வந்து சீட்டுல ஒக்காந்துட்டா ஆபீஸ் வேலை வந்துருமா பாப்பா?”

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அலுவலகக் கண்காணிப்பாளர் இப்படிக் கேட்டார். பெரம்பலூரில் நான் படித்த அதே கல்லூரி அது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். முதல் பட்டமும் என்னுடையது. மாணவர் விவரங்களைக் கணினியில் ஏற்றி, ஆண்டுக்கொரு முறை சென்னையில் உள்ள கல்லூரிக் கல்வி இயக்ககத்துக்கு அனுப்பும் ஒப்பந்த வேலை. கணினியைத் திறந்தேன்.

ஆசிரியர்கள் அறையில் எனக்கு நாற்காலி கிடையாது. உதவியாளர்கள் என்னை ‘மேடம்’ என்று கூப்பிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள். மதியம் யுபிஎஸ் இரையும் மூலையில் தனியாகச் சாப்பிடுவேன். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை என்று அரியலூர் பஸ்ஸில் வீடு திரும்பும்போது தினமும் சொல்லிக்கொள்வேன்.

இந்த ஆண்டு பட்டியல் அனுப்ப வேண்டிய கடைசி நாளில் ஒன்பது பெயர்கள் மிஞ்சின. ஆதாரைச் சரிபார்க்கும் ஓடிபி அந்த மாணவர்களின் போனுக்கு வரவில்லை. ஆதாருக்கான கட்டம் காலியாக இருந்தால் இணையதளம் பட்டியலை முடிக்க விடாது.

“ஒம்பது பேரையும் இடைநின்றவர்னு போட்டு முடிச்சு வுடும்மா,” என்றார் கண்காணிப்பாளர். “அதுக்கு ஆதார் கேக்காது.”

“தெனம் கிளாசுக்கு வராங்க சார்.”

“வரட்டும், பரீட்சையும் எழுதட்டும். யாரு வேணாங்குறா? இது சென்னைக்குப் போற லிஸ்ட்டு. வருஷா வருஷம் இப்பிடித்தான்.”

வருஷா வருஷம் என்றது உறுத்தியது. பழைய பட்டியல்களைத் திறந்தேன். நான் மூன்றாம் ஆண்டு படித்தபோது இடைநின்றவர்கள் பதினொரு பேர். ஏழாவது என் பெயர்.

அந்த ஆண்டு அப்பாவின் பழைய சிம் செத்துப்போய், ஓடிபி வராமல், இ-சேவை மையத்துக்கு இரண்டு முறை அலைந்தேன். ஆனால் ஒரு நாளும் வகுப்புக்குப் போகாமல் இருந்ததில்லை. பட்டம் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. சென்னைக்கு மட்டும் நான் பாதியில் படிப்பை விட்டவள்.

அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

“அப்ப ஒன் பட்டம் செல்லாதாடி?” என்று பதறினாள்.

“செல்லும்மா.”

“அப்பறம் என்ன? சாப்ட்டியா?”

சாப்பிட்டேன் என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். வேறு யாரிடம் இதைச் சொல்வது என்று தெரியவில்லை. மற்ற பத்துப் பேரில் ஒருவருடைய எண்கூட என்னிடம் இல்லை.

கண்காணிப்பாளரிடம் போய், “நான் அப்பிடிப் போட மாட்டேன் சார்,” என்றேன்.

“நீ போடலன்னா வேற ஆளு போடும். காண்ட்ராக்ட் மார்ச்சோட முடியுது, தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

பக்கத்து மேசைக்காரர்கள் தலையைக் குனிந்து எதையோ எழுதினார்கள். ஒன்பது பேருடைய வருகைப் பதிவேட்டை நகல் எடுத்து, அவகாசம் கேட்கும் கடிதத்தோடு கல்லூரி முதல்வரிடம் வைத்தேன். இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். கடிதம் அன்றே சென்னைக்குப் போனது.

பதில் இன்னும் வரவில்லை. கண்காணிப்பாளர் இப்போது என்னோடு பேசுவதில்லை. வேண்டிய கோப்பைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கேட்கிறார். நேற்று, அந்தப் பழைய பதினொரு பெயர்களுக்கும் திருத்தம் கேட்டு, என் முகவரியும் கையெழுத்தும் போட்டு, இயக்ககத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பிவிட்டேன்.