வெள்ளரித் தோட்டத்துக் குடில்

வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்கு மின்னி பேயில் நம் வீட்டு வாசலில் ஆட்டோ ஏறினேன். கப்பல் ஏறும் ஜெட்டிக்கு நூறு ரூபாய். ஜெபா, ஆபேல், நீங்கள் இருவரும் அப்போது தூங்கிக்கொண்டிருந்தீர்கள். தெற்கே இன்னொரு தீவில், ஹட் பேயில் தனியாக இருக்கும் உங்கள் அத்தையை நம் வீட்டுக்கே அழைத்து வந்துவிட வேண்டும் என்று புறப்பட்டேன். திரும்பி வருவதற்கு இரண்டு டிக்கெட் எடுத்துப் பையில் வைத்திருந்தேன். போனில் கேட்டபோது அத்தை வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "நீ முதல்ல வாலே, பேசிக்கலாம்" என்றாள்.

இன்னொரு வேலையும் இருந்தது. போன ஞாயிறு வகுப்பில் ஜெபாவை ஒரு படம் வரையச் சொன்னார்களாம். பழைய ஏற்பாட்டில் ஒரு தீர்க்கதரிசி, பகைவர் பாழாக்கிய தேசத்தின் நடுவே மிஞ்சி நிற்கும் நகரத்தை, வெள்ளரித் தோட்டத்துக் குடிலுக்கு ஒப்பிடுகிறார்; அந்தக் குடிலைத்தான் வரைய வேண்டும். "அப்பா, ஏன் வெள்ளரித் தோட்டம்? வேற தோட்டமே இல்லையா?" என்று ஜெபா கேட்டாள். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டு ஜங்லிகாட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவன் நான். எனக்கு என்ன தெரியும்? அத்தை வெள்ளரி போட்டிருக்கிறாள், பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.

கப்பல் ஆறரைக்குக் கிளம்பியது. மார்ச் மாதக் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. இரண்டு மணிக்கு ஹட் பே. வெயில் மண்டையைப் பிளந்தது. அத்தை வீடு ஜெட்டியிலிருந்து பதினோரு கிலோமீட்டர். ராஞ்சிக்கார ஆட்டோ டிரைவரிடம் அடையாளம் சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கீரா வாலி தீதி கா கர்? மாலூம் ஹை, பைட்டோ."

கீரா என்றால் வெள்ளரிக்காய். வெள்ளரிக்கார அக்கா வீடுதானே, தெரியும், ஏறு என்கிறார். ஊருக்கே அத்தையைத் தெரிந்திருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் கவலையும் வந்தது.

அத்தை தோட்டத்தில் நின்றாள். அறுத்து முடித்த நெல் வயலில் எட்டு வரிசை வெள்ளரி. எண்ணெய்ப்பனைத் தோட்ட வேலை நின்றுபோன பிறகு மாமாவும் அவளும் ஆரம்பித்தது. மாமா இறந்த பிறகு போட்ட முதல் வெள்ளரி இது. ஓடைத் தண்ணீரைத் தகர டின்னில் சுமந்து வந்து, ஒவ்வொரு கொடியின் தூரிலும் ஒற்றை ஆளாக ஊற்றியிருக்கிறாள்.

"ஏலே, கருவாடு மாதிரி காய்ஞ்சு வந்திருக்கியே. உன் பொண்டாட்டி சோறு போடுறாளா இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு காயைப் பறித்து, முந்தானையில் துடைத்து, இரண்டாக ஒடித்துத் தந்தாள்.

பிள்ளைகளே, அந்தக் காயைக் கடித்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. வனாந்தரத்தில் நடந்த ஜனங்கள், எகிப்தில் தின்ற வெள்ளரிக்காயை நினைத்து அழுதார்கள் என்று வேதத்தில் இருக்கிறது. சாப்பாட்டு ராமன்கள் என்று நானே உங்களிடம் சிரித்திருக்கிறேன். இனிமேல் சிரிக்க மாட்டேன். வெள்ளரி கடித்துத் தின்கிற தண்ணீர். தாகத்தில் நடக்கிறவனுக்கு அதுதான் ஞாபகம் வரும்.

நான்கு மணியிலிருந்து இருவரும் காய் பறித்தோம். அதுதான் கடைசிப் பறிப்பு. கொடியெல்லாம் பழுத்துச் சுருண்டுவிட்டது. தோட்டத்து நடுவில் குடில் இருந்தது. நான்கு மூங்கில் கால், ஓலைக் கூரை, ஒரு ஆள் முடங்கிப் படுக்க ஒரு தட்டி. மாமாவின் பழைய சட்டை ஒன்று கூரையில் தொங்கியது. அறுப்பு முடிந்ததும் இங்கே மாடுகளை வயலில் அவிழ்த்துவிடுவார்கள். அதனால் இரண்டு மாதமாக அத்தைக்கு அந்தக் குடில்தான் வீடு.

ஐந்தரை மணிக்கு மூட்டை கட்டினோம். வேலை முடிந்தது, நாளைக்குக் கப்பல், நல்ல மூங்கில் ஏன் வீணாக வேண்டும் என்று நினைத்தேன். பட்டறைக்காரன் புத்தி. குடிலின் ஒரு கயிற்று முடிச்சை அவிழ்த்து ஓலையை உருவினேன்.

"ஏலே! கைய எடு! எவன்லே உன்னப் பிரிக்கச் சொன்னான்?"

"காய்தான் முடிஞ்சிட்டே அக்கா. காலி தோட்டத்துக்கு எதுக்குக் காவல்?"

"காலியா? கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? இங்க வந்து பாரு."

குடிலுக்கு அடியில், காய்ந்த இலைகளுக்குள், மூன்று வெள்ளரி கிடந்தன. ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம், மஞ்சள் நிறம். பறிக்க மறந்து முற்றிப்போனவை என்று நான் தாண்டிவந்தவை.

"வெதைக்கு விட்டிருக்கேன். இன்னும் பத்து நாள் கொடியிலயே கெடக்கணும். குடில் நின்னா ஆள் இருக்குன்னு மாடு கிட்ட வராது. ஜரா தேக்கே காம் கர், தம்பி." கொஞ்சம் பார்த்து வேலை செய் என்று இந்தியிலும் ஒரு குட்டு வைத்தாள்.

நான் அந்த மூன்று காய்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். விதைக்கு விடுகிறவள் அடுத்த வருஷமும் விதைக்கப் போகிறாள். நான் கேட்க வந்த கேள்விக்கு, நான் வருவதற்கு முன்பே பதில் சொல்லியிருக்கிறாள்.

"அப்போ நாளைக்கு நீ வரலையா அக்கா?"

"என் டிக்கெட்டுல இந்த மூட்டையக் கூட்டிட்டுப் போ. அதுக்குத்தான் வாய் கெடையாது, வழியெல்லாம் உன்கூட சண்ட போடாது" என்று சிரித்தாள். பிறகு, "கோவிச்சுக்காதலே" என்றாள். நான் உருவிய ஓலையை இருவரும் சேர்ந்து மறுபடி கட்டினோம். என் கட்டு சரியில்லை என்று அவிழ்த்து, அவளே இறுக்கிக் கட்டினாள்.

ஜெபா, உன் கேள்விக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அறுவடை முடிந்த தோட்டத்தில் அந்தக் குடில் தனியாகத்தான் நிற்கிறது. பார்க்கப் பாவமாகத்தான் இருக்கிறது. தீர்க்கதரிசி துக்கத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அடுத்த வரியிலேயே, கர்த்தர் நமக்குக் கொஞ்சம் மீதி வைத்தார் என்கிறார். அந்த மீதி எப்படி இருக்கும் என்று நான் பார்த்துவிட்டேன். படிக்காதவன் சொல்கிறேன், பாஸ்டரிடமும் கேட்டுக்கொள். படத்தில் குடிலை வரையும்போது, அடியில் மூன்று மஞ்சள் காய் வரைந்துவிடு.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கப்பல். ஜங்லிகாட் சந்தையில் நாம் வாங்கும் காயை யார் காவல் காத்தார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. கப்பலில் எனக்குப் பக்கத்துப் படுக்கையில் வெள்ளரி மூட்டை படுத்திருந்தது. வழியனுப்ப அத்தை ஜெட்டிக்கு வரவில்லை. ஊரார் பால் கறந்து மாடுகளை வயலில் அவிழ்த்துவிடும் நேரம் அது.