எங்கள் நாள் திருவிழா

நெல்லியடியில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்கிறேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்து அண்ணையிடம் கொடுத்து வைப்பது முன்பு என் பழக்கமாக இருந்தது. எல்லாம் ஒரு ஸ்கூட்டி வாங்கத்தான். கொளுத்தும் வெயிலில் சைக்கிள் உழக்கி வரும்போது ஒரு சர்பத் வாங்கிக் குடிக்கக்கூட எனக்கு மனம் வந்ததில்லை.

எங்கள் ஊர்க் கோவிலில் ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வொரு குடும்பத்தின் பொறுப்பு. போன வருடம் எங்கள் நாளில் அண்ணை அமர்க்களப்படுத்திவிட்டார். பல கூட்டு மேளம், வானம் நிறைய வாணவேடிக்கை. ஒலிபெருக்கி அவர் பெயரைச் சொல்லிச் சொல்லிப் புகழ்ந்தது. நானும் பூரித்துப்போய்க் கைகூப்பி நின்றேன்.

அடுத்த கிழமை, ஸ்கூட்டி பார்க்கப் போவோம் என்று அண்ணையிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அந்தக் காசைத் திருவிழாவுக்கு எடுத்திட்டன், தங்கச்சி. முதல் நாள் செய்த ஆக்களை விட நாங்கள் குறைஞ்சு போகேலுமே?"

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே, அண்ணை?"

"உன்னட்டை என்ன கேக்கிறது? நீ ஓமெண்டுதானே சொல்லியிருப்பாய்!"

உண்மைதான். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அந்த ஓம்கூட அவருக்குத் தேவைப்படவில்லை என்பதுதான் என்னைச் சுட்டது.

இப்போது சம்பளம் என் பெயரில் வங்கியில் கிடக்கிறது. லீசிங்கில், மாதத் தவணைக்கு, ஸ்கூட்டியும் எடுத்துவிட்டேன். தாகம் எடுத்தால் சர்பத் குடிக்கிறேன். ஆனால் அண்ணை "தங்கச்சி" என்று அன்பாகக் கூப்பிட்டாலே, என் கை தானாகக் கைப்பையை இறுக்கிப் பிடிக்கிறது. காசு போனதை எப்போதோ மன்னித்துவிட்டேன். என்னை இப்படி ஆக்கியதைத்தான் மன்னிக்க முடியவில்லை.